மீனை ‘அவர்’ என்று எழுதிய பவளராணி

செய்தி வந்தபோது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பழைய நில அளவை அலுவலகத்தில் படவரைஞராக இருந்த பவளராணி அன்று காலை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்று, கனடாவிலிருந்து வந்து நின்ற அவருடைய தம்பி தொலைபேசியில் சொன்னார். “ஓம்” என்றேன். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். பிரேதம் எடுப்பது எப்போது என்று கேட்டேன். அவர் சொன்னதை நாட்காட்டியின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். பிறகு மிச்சத் துணியையும் மடித்து அலுமாரியில் வைத்துவிட்டு, சோறு போட்டுச் சாப்பிட்டேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. முப்பத்தோராம் நாள் நெருங்குகிறது, இன்னும் வரவில்லை.

நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி தம்பி கேட்டார். “அக்காவோட கன காலம் வேலை செய்தனீங்கள். நல்லதா நாலு வரி எழுதித் தாங்கோ.” நாலு வரியில் அடங்காது, நல்லதாக மட்டும் எழுதவும் ஏலாது என்று சொன்னேன். எழுதியதை அவருக்கு முழுதாக வாசித்துக் காட்டினேன். முடியும்வரை கேட்டார். பிறகு, “போடுங்கோ” என்றார். இதை வாசிக்கும் உங்களில் பலர் அவரோடு ஒரே கூரையின் கீழ் வேலை செய்தவர்கள். உங்களுக்கு அவரைத் தெரியும். என்னைத் தெரியுமா என்பதுதான் கேள்வி.

பவளராணியின் மேசை கிழக்குப் பக்க யன்னலோரம் இருந்தது. காணிப் படங்களில் அவர் எழுதும் எழுத்தை அச்சு என்று நினைத்து விரலால் தடவிப் பார்த்தவர்கள் உண்டு. அப்போது எங்கள் இருவருக்கும் முப்பத்தைந்து வயதுக்குள்தான். எனக்குக் கணவரும் இரண்டு பிள்ளைகளும். அவர் மணம் முடிக்கவில்லை. சீனி வருத்தத்தால் பார்வை போன தாயாருடன் லிங்கநகரில் இருந்தார். மற்ற வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டி இருக்கும் இடத்தில், அவர்கள் வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அதற்குள் கடல் குதிரைகள். வேறு ஒரு மீனும் இல்லை.

அந்தத் தொட்டிக்குக் காரணமானவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஹனீபா நானா. இறால் வலை போடுகிறவர். காணிப் பிணக்கு ஒன்றுக்காக எங்கள் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். ஒருநாள் படிவம் எடுக்கச் சட்டைப் பையில் கைவிட்டபோது, ஒரு காய்ந்த கடல் குதிரை மேசையில் விழுந்தது. பிள்ளையின் மூச்சிழுப்புக்கு இடித்துக் கொடுக்க வைத்திருக்கிறாராம். பவளராணி அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இதை உயிரோட கண்டிருக்கிறீங்களா?”

“என்ன மிஸ் கேக்கிறீங்க? இறால் வலையில நிறைய வரும். எடுத்து வெயில்ல எறிஞ்சா காஞ்சிரும்.”

“எறியாமல் எனக்கு ரெண்டு கொண்டுவந்து தாங்கோ.”

அடுத்த கிழமை அவர் துறை கடந்து, பஸ் ஏறி, பால்மா டின் ஒன்றுக்குள் கடல் தண்ணீரும் சாதாழைப் புல்லுமாக இரண்டைக் கொண்டுவந்தார். மூன்றாம் நாள் இரண்டும் செத்தன. அதற்கடுத்த மூன்றும் ஒரு கிழமைக்குள் செத்தன. பவளராணி தம்பிக்குக் கடிதம் எழுதி, மீன் வளர்ப்புப் புத்தகங்களிலிருந்து பக்கங்களைப் பிரதி எடுத்து அனுப்பச் சொன்னார். அவற்றை வாசித்துத்தான், கடல் குதிரைக்கு இரைப்பை கிடையாது, அதனால் நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருக்க வேண்டும் என்று கண்டுபிடித்தார். கடலில் பிடித்தவை செத்த இரையைத் திரும்பியும் பார்க்காது. உயிருள்ள கூனி இறால் வேண்டும். அதுவும் கண் இமையளவு சின்னது. நீரோட்டம் பலமாக இருந்தால் களைத்துவிடும். வேறு மீன் இருந்தால் அது இரை எல்லாவற்றையும் தின்றுவிடும், இவை பார்த்துக்கொண்டு நிற்கும். வாலைச் சுற்றிப் பிடிக்க ஏதாவது வேண்டும். அதற்கு நைலோன் கயிற்றைப் பிரித்துக் கல்லில் கட்டி நட்டார்.

ஒவ்வொரு நாளும் காலையில் டச் பே கடற்கரைக்குச் சைக்கிளில் போய், நுளம்பு வலைத் துணியில் தைத்த ஒரு வாரியால் கரையோரத் தண்ணீரை அள்ளிக் கூனி பிடித்துவருவார். பிறகு குளித்து, சேலை உடுத்து, எங்களுக்கு முன்னால் அலுவலகத்தில் இருப்பார். “கடலில இருந்து வந்தவர் என்னை நம்பத் தேவையில்லை. இறாலை நம்பினால் காணும்” என்று சொல்வார்.

அந்த வருடங்களில் வீதிக்கு வீதி சோதனைச்சாவடி. தண்ணீர் மாற்றும் நாட்களில் சைக்கிளின் இரு பக்கமும் பிளாஸ்டிக் கான்களில் கடல் தண்ணீரைக் கட்டிக்கொண்டு அவர் அவற்றைக் கடக்க வேண்டும். ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். காவலுக்கு நின்றவர் புதிய ஆள்.

“என்ன இது?”

“கடல் தண்ணி.”

“என்னத்துக்கு?”

“மீனுக்கு.”

அவர் கானைத் தட்டிப் பார்த்தார். மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். பிறகு, “குடி” என்றார்.

பவளராணி சைக்கிளை நிறுத்தி, கானைச் சரித்து உள்ளங்கையில் ஏந்தி மூன்று மிடறு குடித்தார். காவலுக்கு நின்றவர் மற்றக் கானையும் காட்டினார். பவளராணி அதிலும் மூன்று மிடறு குடித்தார். வாயைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, “போகலாமா?” என்று கேட்டார். சந்தி திரும்பியதும் என்னிடம், “கமலா, உப்புக் கூடிப்போச்சு. கன நாளா மழையில்லைதானே. வீட்டில கொஞ்சம் நல்ல தண்ணி கலக்க வேணும். குடிச்சதும் நல்லதுக்குத்தான்” என்றார். நான் சிரித்தேன். ஆனால் அவர் குடித்துக்கொண்டு நின்றபோது, என் சைக்கிளில் கான் இல்லை என்பதை நினைத்து எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை அப்போதே கவனித்தேன். இப்போதும் ஞாபகமிருக்கிறது.

கடல் குதிரையில் ஆண்தான் குட்டிகளைச் சுமக்கும். அதற்கு வயிற்றில் ஒரு பை இருக்கிறது. அது எங்களுக்குத் தெரிய வந்தது பவளராணி எழுதிய ஒரு விடுமுறைக் கடிதத்தால். ‘வீட்டில் பிரசவம் காரணமாக அரைநாள் விடுமுறை’ என்று எழுதிக் கொடுத்தார். தலைமை எழுதுவினைஞர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக் கடிதத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஆருக்குப் பிரசவம்? அம்மாவும் நீங்களும்தானே வீட்டில?”

“குதிரைக்கு ஐயா. ஆம்பிளைக் குதிரைக்கு.”

அலுவலகம் முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. விடுமுறை கிடைத்தது. அன்று பின்னேரம் எங்களில் ஐந்தாறு பேர் லிங்கநகருக்குப் பார்க்கப் போனோம். மயிர்த்துண்டு அளவான குட்டிகள் தொட்டி முழுக்க நிமிர்ந்து நின்று மிதந்தன. தகப்பன் மெலிந்துபோய்க் கயிற்றடியில் நின்றது. பவளராணியின் தாயார் கதிரையில் இருந்தபடி, “சுகமாப் பெத்தவரோ?” என்று எங்களிடம் கேட்டார்.

அன்றைக்குத்தான் அவருடைய கொப்பியைப் பார்த்தேன். அலுவலகத்தில் கழித்துவிட்ட ஒரு பழைய அளவைக் கொப்பி. நாளும் நேரமும் தண்ணீரின் உப்பும் சூடும் வற்றுப்பெருக்கும் அந்த அச்சு எழுத்தில் இருந்தன. ஆண்களுக்கு ஆ.1, ஆ.2 என்றும் பெண்களுக்கு பெ.1, பெ.2 என்றும் எண் கொடுத்திருந்தார். எல்லோரையும் ‘அவர்’ என்றே எழுதியிருந்தார். ‘ஆ.2 துறைமுகப் பக்கத்திலிருந்து வந்தவர். மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாம் நாள் எடுத்தார்.’ ‘பெ.1 இடம் மாறினார். காலையில் கயிற்றடியில் நின்றார்.’ ‘காலை 6.10. வெளியே வந்தவர்கள் 140. மாலையில் மிஞ்சியவர்கள் 22.’ ஏன் மீனுக்கு மரியாதை என்று கேட்டேன். “எங்கட வீட்டுக்கு வந்தவையை வேற எப்படிச் சொல்லுறது?” என்றார்.

கொப்பியின் நடுவில் ஒரு படமும் இருந்தது. டச் பேயிலிருந்து உட்துறைமுகத்தின் ஓரம்வரை கரைக்கோடு. எந்த நேரத்தில், எந்த இடத்தில் கூனி சேரும், எங்கே கடற்புல் இருக்கிறது என்று சின்ன வட்டங்கள். அளவுத்திட்டமும் வடக்கு அம்புக்குறியும் போட்டிருந்தார். எதையும் அப்படித்தான் அவருக்கு வரையத் தெரியும்.

பிறகொரு கிழமை துறைமுகப் பக்கம் ஒரு வெடிச்சத்தம் கேட்டது. கடற்கரையிலிருந்து திரும்பும் வழியில் சோதனைச்சாவடியில் பவளராணியின் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். வாரி, போத்தலில் கூனி, கொப்பி. கொப்பியைத் திறந்து பார்த்தார்கள். அன்று காலை யன்னலோர மேசை வெறுமையாக இருந்தது. பத்து மணிபோல், அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று செய்தி வந்தது. அலுவலகத்தில் எல்லோரும் குனிந்து வேலை செய்தோம். தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரரின் துணையோடு தாயார் போய் அவரைப் பார்த்துவர விட்டார்கள். திரும்பிவந்து எனக்கு ஆள் அனுப்பினார். நான் போனேன்.

“அவள் வேற ஒண்டும் சொல்லேல்ல பிள்ளை. கமலாவிட்டச் சொல்லுங்கோ, ரெண்டு நேரமும் கூனி, தண்ணி வெள்ளை பிடிச்சா உடன மாத்த வேணும் எண்டு சொன்னவள். லைட்டை மட்டும் நான் பாப்பன். ரேடியோவில காலைச் செய்தி சொல்லேக்க போடுவன், பின்னேரச் செய்திக்கு நிப்பாட்டுவன். மற்றது எனக்கு ஏலாது. மீன் சத்தம் போடாதே. உயிரோட நிக்கினமோ இல்லையோ எண்டு எனக்கெப்படித் தெரியும்?”

நான் நாலு நாள் போனேன். கடற்கரைக்குப் போகப் பயம். ஆனாலும் போனேன். சேலைத் தலைப்பால் கூனி அள்ளிப் போத்தலில் கொண்டுபோனேன். ஆ.2 என் கைக்குக் கிட்ட வந்து, குழாய்போன்ற வாயால் ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுத்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன ‘டிக்’ சத்தம் கேட்கும். மீன் சத்தம் போடும் என்று தாயாருக்குச் சொன்னேன். அவர் கதிரையைத் தொட்டிக்குக் கிட்ட இழுத்துப்போட்டுக் கேட்டார்.

அந்த நாலாம் நாளே என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு மேசை, மூன்று கதிரைகள். அதிகாரி ஒருவர், மொழிபெயர்க்க ஒருவர். மேசையில் அந்தக் கொப்பி. மொழிபெயர்ப்பாளர் வாசித்தார்:

“‘ஆ.2 துறைமுகப் பக்கத்திலிருந்து வந்தவர். மூன்று நாள் சாப்பிடவில்லை.’ இது ஆர்?”

நான் கொப்பியில் இருந்த அந்த எழுத்தைப் பார்த்தேன்.

“‘வெளியே வந்தவர்கள் 140.’ எங்க இருந்து வெளிய வந்தவை? அவ இது மீன் எண்டு சொல்லுறா. மீனை ஆராவது அவர் எண்டு எழுதுவினமா? நீங்கள் அவவோட நெருக்கமாமே. இது மீனா?”

‘ஓம், மீன்தான்’ என்று சொல்ல வேண்டும். இரண்டு சொல். எனக்கு அது தெரியும். ஆனால் ஓம் என்றால் அடுத்த கேள்வி வரும். கொப்பியை எப்போது கண்டாய், படம் வரையும்போது கூட இருந்தாயா, நீயும் கடற்கரைக்குப் போவாயா. அந்தக் காலையிலும் நான் கடற்கரைக்குப் போய் வந்திருந்தேன். என் சேலைக் கரையில் மணல் இருந்தது.

“எனக்குத் தெரியாது. நான் அவவின்ர வீட்டுக் கதையளுக்குப் போறதில்லை” என்றேன்.

அதை எழுதி, கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கணவர், இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம் என்றார். அவர் சொல்லியிருக்காவிட்டாலும் நான் போயிருக்க மாட்டேன். அலுவலகத்துக்கு வேறு வீதியால் போனேன். ஐந்து, ஆறு, ஏழு என்று நாட்கள் போயின. காலையில் பிள்ளைகளுக்குப் பாண் வெட்டும்போது, இப்போது அவை பசித்து நிற்கும் என்று நினைப்பேன். பிறகு பாணுக்குச் சம்பல் வைப்பேன். வேறொன்றும் நடக்காது.

பதினோராம் நாள் அலுவலகத்துக்கு வாகனம் வந்தது. அதே அதிகாரி. வீட்டுக்குப் போய்த் தொட்டியைப் பார்க்கப் போகிறார்களாம். வழி தெரிந்த, அந்த அம்மாவோடு கதைக்கக்கூடிய ஒருவர் வேண்டும் என்றார்கள். தலைமை எழுதுவினைஞர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து போனேன்.

அந்த அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. வாகனத்தில் அவர் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் எனக்குச் சொன்னார்: “மீன் நிக்குதெண்டா, கொப்பியில எழுதினபடி கையால இறால் எடுக்குதெண்டா, ஐயாவுக்கும் லேசு. கண்டதை எழுதலாம்.” வழியில் நிறுத்தி, மீன்காரர் ஒருவரிடம் கொஞ்சம் கூனிகூட வாங்கிவைத்திருந்தார். அது ஒரு தாளில் சுற்றி வாகனத்தின் முன்பக்கம் இருந்தது.

தாயார் படலைச் சத்தம் கேட்டு வெளியே வந்தார். நான் பெயரைச் சொன்னேன்.

“வா பிள்ளை. நீ வருவாய், தண்ணி மாத்துவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். ரெண்டு மூண்டு நாளா மணக்குது. லைட் ஒழுங்காப் போடுறன். அவை உள்ளுக்குத்தான் நிக்கினம். பாக்கச் சொல்லு.”

விளக்கு எரிந்தது. காற்று மோட்டர் ஓடியது. தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் போல வெள்ளையாக இருந்தது. கயிற்றடியில், தரையில், அவை கிடந்தன. செத்தாலும் கடல் குதிரை வடிவம் மாறாது. ஒன்றின் வால் மட்டும் இன்னும் கயிற்றைச் சுற்றியிருந்தது.

அதிகாரி குனிந்து நெடுநேரம் பார்த்தார். ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் எனக்குச் சொன்னார்: “காஞ்ச குதிரை சந்தையிலயும் விக்கிறாங்கள். இதை எப்ப போட்டது எண்டு ஆருக்குத் தெரியும்? இது உயிரோட நிண்டதை ஆர் கண்டது எண்டு ஐயா கேக்கிறார்.”

தாயார் கதிரையில் இருந்தபடி கையை நீட்டி, நான் நின்ற பக்கத்தைச் சரியாகக் காட்டினார். “இவள்தானே நாலு நாளா வந்து சாப்பாடு போட்டவள். கையால எடுத்துத் திண்டவையாம். எனக்குச் சொன்னவள்.”

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தெரியாது என்று நான் வைத்த கையெழுத்து அவர்களிடம் இருந்தது.

“அம்மாவுக்குக் கண் தெரியாது. ஆள் மாறிச் சொல்லுறா” என்றேன்.

தாயாரின் கை கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தது. பிறகு மடியில் வைத்துக்கொண்டார். நாங்கள் வெளியே வந்தோம். அந்தக் கூனிப் பொட்டலத்தை அதிகாரி வேலியோரம் எறிந்துவிட்டார்.

பவளராணி பதினாலு மாதம் உள்ளே இருந்தார். மீன்கள் உயிரோடு இருந்திருந்தால், நான் உண்மையைச் சொல்லியிருந்தால், அன்றே விட்டிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. விட்டிருக்கலாம். விடாமலும் இருந்திருக்கலாம். இவ்வளவு காலத்தில் அதை எல்லாப் பக்கத்தாலும் யோசித்துவிட்டேன். யோசித்து வந்து சேர்வது ஒரே இடத்துக்குத்தான். அந்தக் கேள்விகளை என்னிடம்தான் கேட்டார்கள், எனக்குப் பதில் தெரியும்.

அவர் வெளியே வந்து மூன்றாம் நாள் போனேன். போகாமலிருந்தால் வேலைத்தலத்தில் எப்படி முகம் பார்ப்பது என்ற எண்ணம்தான் அதிகம். தைரியம் என்று சொல்ல ஏலாது. பவளராணி மெலிந்து, தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தார். முன்னறையில் நிலத்தில் இருந்து, வெறும் தொட்டியை வினாகிரி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தினையாம் நாள் செத்தது?” என்று கேட்டார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“தெரியாது. நாலு நாள்தான் போனனான். பிறகு போகேல்ல.”

“ம்.”

“பவளம், என்னைக் கூப்பிட்டுக் கேட்டவை. நான் தெரியாதெண்டு…”

“ஓம். எனக்கு வாசிச்சுக் காட்டினவை. கையெழுத்தையும் காட்டினவை.” துணியைப் பிழிந்தார். “அம்மா குசினிக்குள்ள இருக்கிறா. போய்க் கதையும்.”

குசினிக்குள் தாயார் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். என் காலடிச் சத்தத்துக்குத் துருவுவதை நிறுத்தினார்.

“கமலாவோ?”

“ஓம் அம்மா.”

“ஆள் மாறேல்லத்தானே?”

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சரிபார்ப்பதுபோலக் கேட்டார். “இல்லை அம்மா” என்றேன். “இரு, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ” என்றார். இருந்தேன். குடித்தேன். அந்தத் தேநீரில் சீனி இருந்ததா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வேலை திரும்பக் கிடைக்க அவருக்கு இன்னும் ஒன்றரை வருடம் பிடித்தது. வந்தபோது கரையோரப் படங்கள் எதையும் அவரிடம் கொடுக்கவில்லை. வீட்டுவளவுப் படங்கள் மட்டும். அதே யன்னல், அதே எழுத்து. என்னோடு வழக்கம்போலக் கதைத்தார். மை கேட்டார், சாப்பாட்டைப் பகிர்ந்தார். நீங்கள் எல்லோரும் அதைப் பார்த்து, பவளமும் கமலாவும் பழையபடி சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்தீர்கள். பழையபடி இல்லை. முன்பு வீட்டில் நடப்பதையெல்லாம் சொல்வார். பிறகு அவர் தன்னைப் பற்றி எனக்கு ஒரு சொல்லும் சொன்னதில்லை. உள்ளே நடந்தது எதையும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

ஹனீபா நானா மறுபடி கொண்டுவந்தார். “ஒங்களுக்கு இன்னும் இந்த ஆசை போகல்லியா மிஸ்?” என்று கேட்டுக்கொண்டே பால்மா டின்னை நீட்டினார். பவளராணி டின்னுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “தண்ணி சூடு. வெயில்ல வைச்சிருந்தனீங்களோ?” என்றார். அவ்வளவுதான்.

அடுத்த தண்ணீர் மாற்றும் நாளில் நான் என் சைக்கிளில் ஒரு கான் கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். அவர் கூப்பிடவில்லை. நான் நிற்பதைக் கண்டு, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. என் கானை வாங்கி நிரப்பி, மூடியை இறுக்கித் தந்தார். அப்படியே பல வருடம் போனது. அதைப் பரிகாரம் என்று இங்கே எழுத மாட்டேன். தண்ணீர் தேவையாக இருந்தது, என்னிடம் சைக்கிள் இருந்தது.

ஒருநாள் புதிய கொப்பி தொட்டிக்குப் பக்கத்தில் திறந்து கிடந்தது. எழுத்து மாறவில்லை. ‘ஆண் 1 சாப்பிட்டது. பெண் 1 இடம் மாறியது. குட்டி 90 வந்தது, 9 மிஞ்சியது.’ எல்லாமே ‘அது’. படம் எதுவும் இல்லை. கொப்பியை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மோட்டர்ச் சத்தம் மாறிக் கேக்குது, பாரும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தாயார் இறந்தபோது நான் பாடைக்குக் கிட்டப் போகவில்லை. படலையடியில் நின்றேன்.

சண்டை கொஞ்சம் ஓய்ந்து பாதைகள் திறந்திருந்த ஒரு இடைக்காலத்தில், இனி மீன் வளர்ப்பதில்லை என்று பவளராணி தீர்மானித்தார். வலையில் குதிரை வருவதே இப்போது குறைவு என்று ஹனீபா நானா சொல்லியிருந்தார். அதுதான் காரணம் என்றார். வேறு காரணம் இருந்ததா என்று தெரியாது. கடைசியாக நின்ற இரண்டையும் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வாரும் என்று என்னைக் கூப்பிட்டார். அந்த வருடங்களில் அவராக என்னைக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

கிண்ணியாவுக்கு அப்பால் கடற்புல் வளர்ந்த ஒரு ஆழமில்லாத கரை. காலை வெயில். ஹனீபா நானா தோணியில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினோம். பவளராணி வாளியைச் சரித்தார். ஒன்று உடனே புல்லுக்குள் போய் மறைந்தது. மற்றது வாளி விளிம்பில் நின்றது.

“உம்மட கையைத் தண்ணிக்குள்ள வையும்” என்றார்.

“நானா?”

“ஓம். விரலை ஆட்டாமல் வையும்.”

இத்தனை வருடத்தில் நான் ஒரு கடல் குதிரையையும் தொட்டதில்லை. இரை போட்டிருக்கிறேன், தண்ணீர் சுமந்திருக்கிறேன், செத்ததைப் பார்த்திருக்கிறேன். தொட்டதில்லை. கையை விட்டேன். அது வாளியை விட்டு மெல்ல வந்து, என் வலது கைச் சுட்டுவிரலில் வாலை ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தது. நூல் கட்டியதுபோன்ற பிடி. அவ்வளவு சின்ன உடம்பில் அந்தப் பலம் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. பவளராணி பக்கத்தில் குனிந்து, கைகளை முழங்காலில் ஊன்றி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கவில்லை. அப்படியே நின்றோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அது பிடியைத் தளர்த்திவிட்டுப் போனது.

அவருடைய கொப்பிகள் தம்பியிடம் இருக்கின்றன. தொட்டி எங்கே போனது என்று தெரியவில்லை. அவர் எனக்கென்று ஒரு பொருளும் தரவில்லை, நான் கேட்கவும் இல்லை. அழுகை இன்னும் வரவில்லை. அந்த விரலைத்தான் சில நேரம் மற்றக் கையால் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பவளராணியிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான்.